பதினெட்டு வாட்

காவேரிப்பட்டணத்தில் கரண்ட் எப்போது போகும் என்று
ஊருக்கு முன்பே தெரிந்தவன் நான்.
நிறுத்துகிறவனே நான்தான்.
மோட்டாரை நம்பி மீன்குளம் வெட்டக் கூடாது என்று
எனக்குத் தோன்றாமல் இல்லை.
தோன்றியபோது வெட்டி முடிந்திருந்தது.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இடுப்பளவு ஆழம்.
பதினைந்து ஜப்பான் கெண்டைகள்.
மூன்றே வாரத்தில் முருங்கைக்கீரைச் சாறு.
பொரி தூவினால் வாய்கள் மட்டும் வரும்,
மீன்கள் வராது.

கிருஷ்ணகிரியில் திம்மராயன் கடை.
நீல டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்:
பிரஷர் ஃபில்டர், உள்ளே யூவி விளக்கு.
"தண்ணி கண்ணாடி சார்."
"எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவணும்?"
"வாரம் ஒருக்கா. அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிடம் எங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது?
நாகவேணி மாங்கூழ் ஆலையில்.
அல்போன்சா முடிந்தால் பெங்களூரா,
ஆடி பிறக்கும்வரை அவள் தலைமுடியிலும் மாம்பழ வாசம்.
வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், பிறகு தூக்கம்.
எனக்கு ஞாயிறு கிடையாது.
காற்றடித்தால் இரவும் கிடையாது.

ஸ்பாஞ்சைப் பிழிய மறந்தால் அடைக்கும்.
ஷட்டவுன் நீண்டால்
உள்ளே குடியிருந்து அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள்
மூச்சுமுட்டிச் சாகும்.
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
என்ற அறிவிப்பில்
எங்கள் தெருவின் பெயரும் வரும்.
டப்பாவைத் திருப்பி நகர்த்தினேன்.

பர்கூர் ரோட்டுக் கிரானைட் பட்டறை வாசலில்
உடைசல் சில்லு சும்மா கிடைத்தது.
நான்கு முறை அலசியும் சாம்பல் நீர்,
ஐந்தாம் முறைதான் கல்லானது.
பாதியாய் அறுத்த டிரம்மில் அதைக் கொட்டி
கல்வாழை, சேம்பு, ஒரு கை வெட்டிவேர்.
அழுக்கு நீர் அடியில் நுழைந்து வேர்களுக்குள் ஏறி
விளிம்பு வழிந்து குளத்தில் விழவேண்டும்.
ஏற்றிவிட, பதினெட்டு வாட்டில் ஒரு சோலார் பம்ப்.
"லைன்மேன் வீட்லயே சோலாரா!"
ஆபீசில் இன்னும் சிரிக்கிறார்கள்.

"ராத்திரி நின்னுபோனா?" என்று கேட்டேன்.
நாகவேணி கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"மீனக் கொற. சோத்தையும் கொற."
திம்மராயன் கடையில் இல்லாத ஃபில்டர் அது.
எட்டு மீன்கள் காற்றடைத்த பையில்
அவள் சூப்பர்வைசர் வீட்டுக் கிணற்றுக்குப் போயின.

இரண்டாம் வாரமும் பச்சை.
நான்காம் வாரமும் பச்சை.
நீல டப்பாவின் விலை
தூக்கத்தில் குறைந்துகொண்டே வந்தது.
ஆறாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பல் துலக்கிக்கொண்டே குனிந்தால்
தரையில் கிடக்கிறது
மே மாதம் தொலைந்த என் டெஸ்டர்.
சிவப்புப் பிடி. அதன்மேல் நிழல். நிழலுக்கு மேல் மீன்.
நுரையோடு அவளைக் கூப்பிட்டேன்.

எனக்குத் தெரிந்தது மீன்கொத்திக்கும் தெரிந்தது.
நானே இழுத்துக் கட்டிய சர்வீஸ் ஒயரில் வந்து உட்கார்ந்தது,
நீலமாய், பில் எதுவும் இல்லாமல்.
வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று குறைந்தது.
பச்சையாய் இருந்தவரை
அவை என் கண்ணுக்கும் தப்பி, அதன் கண்ணுக்கும் தப்பி
எப்படியோ கொழுத்துக்கொண்டிருந்தன.

வலை போடலாம்.
வேப்பிலை விழும், வாரம் ஒருக்கா பொறுக்கணும்,
அஞ்சு நிமிசம்.
வேண்டாம்.
பாலிஷ் பாதியில் விரிசல் விட்ட கருங்கல் பலகையை
ஒரு மூலையில் குறுக்கே சாத்தினேன்.
பக்கத்தில் ஓர் அல்லி.

காலையில் எண்ணுகிறேன்.
வெளியே நான்கு.
கல்லுக்கடியில் ஒரு வால் அசைகிறது, ஐந்து.
ஆறாவது அல்லியின் அடியில் இருக்கலாம்.
ஒயரில் உட்கார்ந்திருப்பவரும் அதையேதான்
கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
எனக்கு எட்டு மணிக்குக் கம்பத்தில் வேலை.
அவருக்கு அவசரமில்லை.