காரணம் என்ற இடத்தில்

முப்பத்தொன்று.
சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு
அதற்குள் உட்காரவைத்திருந்தார் குணசீலன் சார்.

வெள்ளி நான்கு மணிக்குள்
ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும்:
பெயர், இப்போதைய பிரிவு, மாற விரும்பும் பிரிவு,
காரணம்.
காரணத்துக்கு ஒன்றரை வரிதான் விட்டிருக்கிறார்கள்.

வணிகக் கணிதம் ஈசிடி என்கிறாள் ரெபேக்கா.
போன வாரமே மாறிவிட்டாள்.
மத்தியானம் அவள் டப்பா திறக்கும் சத்தம்கூட
இப்போதெல்லாம் நிம்மதியாகக் கேட்கிறது.

ஐசிஎஃப் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா
தீப்பொறி தின்ற சட்டையோடு
படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.
பின்பக்கம் ஒன்றும் இல்லை.
"உன் இஷ்டம்மா."
ரயில் பெட்டியைத் தூக்கும் கிரேன்
இந்த இரண்டு சொல்லைத் தூக்குமா தெரியவில்லை.

ட்யூஷனுக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு, பத்து மாதம்.
அம்மா பேப்பர் இல்லாமலே பெருக்கிவிட்டு
வெங்காயம் நறுக்கப் போனாள்.

எனக்குக் கணக்கு வராது என்றில்லை.
மெதுவாக வருகிறது,
காலை எட்டரைக்குப் பெரம்பூரில் 29சி வருவது மாதிரி.
வருமா என்றால், வரும்.
பெல் அடிப்பதற்குள் வருமா என்றால்
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நேற்று ஓட்டேரி சிக்னலில், நின்றபடியே,
ஒன்பது நாளாக அசையாத அந்த 'நிரூபி'
சட்டென்று அவிழ்ந்தது.
இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்று.
பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்டின் முதுகில்
கடைசி இரண்டு வரியைக் கிறுக்கினேன்.
பக்கத்தில் மீன்கூடைக்கார அம்மா
"இன்னாமே சிரிக்கிற" என்றாள்.
வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே 'புரியவில்லை' என்று எழுதினால் பொய்.
'பிடிக்கவில்லை' அதைவிடப் பெரிய பொய்.
'நேரம் போதவில்லை' என்பதற்கு
எந்தப் பிரிவுக்கு மாற்றுவார்கள்?

வெள்ளி. மூன்று ஐம்பத்திரண்டு.
கிளார்க் டீக்குப் போயிருக்கிறார்.
எனக்கு முன்னால் காமர்ஸ் பையன் ஒருவன்,
காதுவரை வியர்வை,
கணிதப் பிரிவுக்கு வருகிறானாம்.
"பேனா இருக்கா? காரணம்னு நீ என்ன போட்ட?"
காட்டினேன். வெறுமை.
சிரித்துவிட்டு, என் பேனாவால்
அவனுடையதில் எழுதினான்: 'விருப்பம்'.
ஒரே சொல். ஒரு வரிக்கு மேல் மிச்சம்.

அவன் உள்ளே போய்விட்டான்.
பேனாவும் போய்விட்டது.
கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.