பெல்மீரா குலார் தெரு

பிப்ரவரிப் புயலில்
தெருப்பெயர்ப் பலகை காரையோடு பெயர்ந்து விழுந்தது.
புதிதாகச் செய்யும்போது
பெயருக்குக் கீழே பிறந்த வருடம், இறந்த வருடம்,
என்ன செய்தாள் என்று ஒரு வரி.
"ஒரே வரி போதும், வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்"
என்றார் மேயர்.
பிக்கோ தீவில், எரிமலையின் காலடியில்,
இருபத்து மூன்று தெருக்களுள்ள நகராட்சிக்கு
நான் ஒரே குமாஸ்தா.

ஊர்பேர் தெரியாதவள் என்று தள்ளிவிட முடியாது.
ஊர் இதுதான்.
பேர் உடைந்த பலகையில் இருக்கிறது,
ஓர் எழுத்தும் சிதையாமல்.
ஆள்தான் தெரியவில்லை.

பழைய நீதிமன்ற ஏட்டில் ஒருத்தி.
திராட்சை மதுவில் கடல்நீர் கலந்து விற்றதற்கு அபராதம்.
தீர்ப்பைப் படித்தபோது சிரித்தாள் என்று
எழுத்தர் எழுதியிருக்கிறார்.
அடுத்த பக்கத்திலும், வேறு வழக்கின் நடுவே,
காரணமே இல்லாமல்,
"சிரித்தாள்."
அந்தச் சிரிப்பு அவர் வீடுவரை வந்திருக்க வேண்டும்.

திமிங்கிலக் கப்பலின் ஆள்பட்டியலில் இன்னொருத்தி.
பெல்மீரு என்றிருக்கிறது, ஆண்பால்.
வயது பதினேழு, மீசை இல்லை, நீந்தத் தெரியாது.
நான்கு வருடம் கழித்து அதே கப்பலிலிருந்து இறங்கியது
பெல்மீரா.
கடைசி எழுத்தை எந்தக் கடலில் கழற்றிப் போட்டாள்,
யார் பார்த்தார்கள்,
ஏட்டில் இல்லை.
சம்பளம் மட்டும் பாதியாகியிருக்கிறது.

மூன்றாமவள் எதிர்த்தீவின் தந்தி அலுவலகத்தில்.
போர்க்காலம்.
எந்த வீட்டில் அழப்போகிறார்கள் என்று
அந்த வீட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.
ஒரு மாலை, திரும்பும் படகில்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் லியோகாடியா.
அவள் மகனின் பெயரை மதியம்தான்
இவள் விரல்கள் எழுத்தெழுத்தாக வாங்கியிருந்தன.
தந்தியை மறுநாள் காலையில்தான் கொடுக்கலாம், விதி அப்படி.
கால்வாயைக் கடக்கும் முக்கால் மணி நேரமும்
இருவரும் வெங்காய விலையைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.
பின்னாளில் பாவமன்னிப்பில் இதைச் சொல்லியிருக்கிறாள்.
பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்.
எழுதக் கூடாது. எழுதியிருக்கிறார்.

நான்காமவள் நிலம் தந்தவள்.
தந்தாள் என்கிறது தீர்மானம்.
எடுத்துக்கொண்டார்கள் என்கிறான் பேரன்.
கருங்கல் சுவர்களுக்குள் முப்பது கொடி,
அவற்றின் மேல்தான் இந்தத் தெரு ஓடுகிறது.
அப்படியானால் பலகை கௌரவம் இல்லை,
ரசீது.

வியாழக்கிழமைதோறும் ஐந்தாமவள் வருவாள்.
டப்பா மீன் ஆலையில் முப்பத்தோரு வருடம்.
முழங்கையில் இன்னும் ஒரு செதில் மின்னுவதுபோல்
எனக்குத் தோன்றும்.
தந்திக்காரியின் இறப்புத் தேதியை
யாரோ இவள் கோப்பில் ஏற்றிவிட்டார்கள்.
ஓய்வூதியம் நின்றுவிட்டது.
உயிரோடிருக்கிறாள் என்பதற்கு
தலைநகரத்திலிருந்து சான்று வர வேண்டும்.
தலைநகரம் கப்பலில் இரண்டு நாள்,
கோப்புக்கு இரண்டு வருடம்.

மேசைமேல் கிடந்த பலகையைப் பார்த்தாள்.
"இது எந்த பெல்மீரா?"
அவளிடமே கேட்டேன்.
"எவளாயிருந்தால் என்ன?
பெல்மீரா குலாரில் குழி,
பெல்மீரா குலாரில் சாக்கடை அடைப்பு,
பெல்மீரா குலாரில் ஒருவர் விழுந்து கால் முறிந்தது,
வாரம் ஒருமுறை வானொலியில்.
சந்தையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அவர்களெல்லாம் பேர் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.
கெடுவது என் பேர்.
முதலில் குழியை மூடுங்கள்."

செதுக்குபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்.
பெயரை மட்டும் அனுப்பினேன்.
எட்டு எண்களும் ஒரு வரியும் மிச்சம்.
மேயரிடம் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

மிச்சத்தில் சிமென்ட், இரண்டு மூட்டை.
பேரேட்டில் எழுதினேன்:
பெற்றுக்கொண்டவர், பெல்மீரா குலார்.
நூறு வருடம் கழித்து இன்னொரு குமாஸ்தா
சாலை போட்டவள் என்று
ஆறாவதாக ஒருத்தியை எண்ணிக்கொள்ளட்டும்.

ஓய்வூதிய அலுவலகத்தில் அவள் இன்றும் இறந்தவள்தான்.
கையெழுத்துப் போட்டு
மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்ற
அது தடையாயில்லை.