தொண்ணூறு விநாடி

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்காரரிடம் கேட்டால் பத்தாங் பெர்ஜுந்தை.
இரண்டில் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
இந்த ஊர் திரும்பிப் பார்க்கும்.

என் ஸ்விட்ச் பார்க்காது.

செம்பனை ஆலை அலுவலகம்,
குலை லாரி குறைந்த சனிக்கிழமை இரவு.
இரும்பு அலமாரிக்குள் நாற்பத்தெட்டுத் துளை.
நேற்றுவரை எவர் எந்த வயரைச் செருகினாலும்
வா என்று திறந்தவை.
போன மாதம் யாரோ சாப்பாட்டறைச் சுவரில்
வீட்டு ரவுட்டரைச் செருகிப் படம் பார்க்க,
மூன்று நாள் சம்பளப் பட்டியல் நகரவில்லை.
அதனால்தான் கிள்ளானிலிருந்து நான்.

இனிமேல் செருகினாலும் கதவு மூடியே இருக்கும்.
முதலில் கேள்வி.
யார் நீ?
முப்பது விநாடி.
யார் நீ?
முப்பது விநாடி.
யார் நீ?

கிராணியின் கணினி சான்றிதழை நீட்டியது: பச்சை.
மேனேஜர் மடிக்கணினி: பச்சை.
பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது.
அதன் கடிகாரம் இன்னும்
இரண்டாயிரத்து ஒன்பதில் நின்றிருந்தது,
இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவேயில்லை.
தேதியைத் திருத்தினேன். பச்சை.

இருபத்திரண்டாம் துளை மட்டும் மஞ்சள்.

எடைமேடைப் பெட்டி.
யார் நீ என்றால்
பதினெட்டு டன் நாற்பது கிலோ என்கிறது.
மறுபடி கேட்டால்
மறுபடியும் பதினெட்டு டன் நாற்பது கிலோ.

எடைமேடை மரியசெல்வம்
தே ஓ பொட்டலத்தோடு வந்து நின்றார்.
"என் ஆளுக்கு என்ன மிஸ்?"
"பேப்பர் இல்ல."
சிரித்தார்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிறகுதான் கேட்டது.

விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தேன்.
பெட்டியின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த
பன்னிரண்டு எழுத்தை
டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிப் படித்துச் சொன்னார்.
எட்டா பீயா என்று ஒரு தகராறு.
எட்டுதான்.
காரணம் என்ற கட்டத்தில் அடித்தேன்:
பழையது. வெகுகாலமாக இங்கேயே இருக்கிறது.
இது இல்லாமல் ஆலை ஓடாது.
ஒப்புதல்: நானே.

பச்சை.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான் லா."
"ரெண்டு நிமிஷம் ஆயிருக்குமா?"
"இருக்கும்."

சட்டைப்பையிலிருந்து
சிகரெட் பெட்டி எடுப்பதுபோல் எடுத்து
கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
சிவப்பு ஐசி.
பிறந்தது மூணாம் டிவிஷன் லயத்தில்,
ஆலைக் குழாய் சங்கு ஊதும் தூரத்தில்.
பதிவிலாகாவில் ஐந்து விண்ணப்பம், பதினாறு வருஷம்.
ஒவ்வொரு கவுண்டரிலும் யார் நீ.
ஒவ்வொரு தடவையும் அதே பேர், அதே லயம்,
அதே வீட்டு நம்பர்.

"அந்தக் கட்டத்துல என்ன எழுதுனீங்க,
இன்னொரு வாட்டி படிங்க மிஸ்."

பழையது, என்றேன்.
வெகுகாலமாக இங்கேயே இருக்கிறது, என்றேன்.
மூன்றாவதுக்குள் வெளியே ஹாரன்.

லாரி மேடையேறியது.
பெட்டி எண்ணைச் சொன்னது.
அவர் சீட்டில் கையெழுத்திட்டுக் கிழித்தார்.
அந்தக் கையெழுத்துக்குத்தான்
இந்த ஆலை இருபது வருஷமாகப் பணம் கொடுக்கிறது.

திரையில் ஒரு கட்டம் மிச்சம்:
விதிவிலக்கு காலாவதியாகும் தேதி.
கட்டாயம் நிரப்பவேண்டும் என்பது
நானே எழுதிய விதி.

தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.
அதைக் காலியாக விட்டுச் சேமித்தேன்.