ஒலி வலிமை: மூன்று

மாலை ஐந்தானால்
அசென்ஷன் தீவில் வேலி செய்தி வாசிக்கும்.
கோபுரங்களுக்கு அடியில் துருப்பிடித்த கம்பி அது.
காதைக் கிட்டே கொண்டுபோனால் போதும்.
தொட்டால் விரல் பொசுங்கும்.

செய்தியை எழுதுவது நானில்லை,
வாசிப்பதும் நானில்லை.
லண்டனில் யாரோ தொண்டையைச் செருமுவார்கள்;
இருநூற்றைம்பது கிலோவாட் ஆக்கி
ஆப்பிரிக்கா பக்கம் தள்ளிவிடுவேன்.
உத்தியோகம் அவ்வளவுதான்.
இரவில் நண்டுகள் சாலையைக் கடக்கும்.
ஒயரே இல்லாத குழல்விளக்கு
என் கையில் சும்மா எரியும்.
சம்பளத்தில் பாதி
செயின்ட் ஹெலீனாவில் மெய்ஸிக்குப் போகும்.

கப்பலில் ஒரு கடிதம் வந்தது.
ஃப்ளோமோ கெர்குலா, குவேபா, லைபீரியா.
முதலில் முறைப்படி:
‘ஒலி வலிமை நான்கு. இரைச்சல் குறைவு.
நடுவில் ஒருமுறை அலை மங்கியது.’
அப்புறம்:
‘செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியில்
எங்கள் ஊர்ப் பாலம் இடிந்துவிட்டது என்றீர்கள்.
கேட்டபோது நான் பாலத்தின்மேல்தான் நின்றேன்.
அங்கேதான் ரேடியோ நன்றாக எடுக்கும்.
நாங்கள் நாலு பேரும்
எதற்கும் இருக்கட்டும் என்று குனிந்து பார்த்தோம்.
அரிசி லாரிக்காரர்கள் உங்களை நம்பி
வேறு வழியாகப் போய்விட்டார்கள்.
தயவுசெய்து திருத்தவும்.’

சிரித்தேன். டெலக்ஸ் அடித்தேன்.
‘கவனத்தில் கொள்கிறோம்’ என்றது லண்டன்.
கடிதத்தைப் பலகையில் குத்திவைத்தான் கிரவுவி,
ஷிப்டு மாறும் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினான்.

மழைக்காலம் முடிந்து இரண்டாவது கடிதம்.

‘ஒலி வலிமை மூன்று.
பாலம் போன மாதம் இடிந்தது. இந்த முறை நிஜம்.
எட்டு நாள் கேட்டுப்பார்த்தேன்,
நீங்கள் சொல்லவில்லை.
ஏற்கெனவே சொன்ன செய்திதானே
என்று விட்டிருப்பீர்கள்.
அன்று என்னோடு குனிந்து பார்த்தவர்களில்
இரண்டு பேர் அதன்மேல் இருந்தார்கள்.
இப்போது கரையில் நின்றுதான் கேட்கிறேன்.
இங்கே சரியாக எடுப்பதில்லை.’

இதைக் கிரவுவி பலகையில் குத்தவில்லை.
மறுபடி டெலக்ஸ். மறுபடி அதே வரி.

என் கையில் இருப்பது மின்சாரமும் திசையும்.
சொல் கிடையாது.
அன்று ஐந்து மணிக்கு
அட்டவணையில் இல்லாத சில டிகிரி
அலையைக் குவேபா பக்கம் திருப்பினேன்.
பதிவேட்டில் ‘வழக்கம்போல்’ என்று எழுதினேன்.

உலகம் வழக்கம்போல் வாசிக்கப்பட்டது:
ஒரு மாநாடு, ஒரு ராஜினாமா,
எங்கோ கோக்கோ விலை.
வேலி மட்டும் அன்று
கொஞ்சம் தணிந்த குரலில் பேசியது.

பொறுப்பாளர் பார்க்கும்வரை
பதினோரு நாள் அப்படியே விட்டிருந்தேன்.

அடுத்த கப்பலில் உருளைக்கிழங்கு வந்தது,
ஒரு வால்வு, மெய்ஸியின் புகைப்படம்.