நான்கு நாளைகளும் ஒரு வாடையும்

மொந்திஜுவில் மழை. தக்கை ஆலையின் மேல்மாடி.
சுவரில் பழுப்புத் தாள், அதில் குறுக்கும் நெடுக்குமாய்
இரண்டே கோடுகள்.
லிஸ்பனிலிருந்து வந்திருக்கும் பெல்மிரா
"ஆரூடம் சொல்ல வரவில்லை" என்கிறாள்,
"ஒத்திகை பார்க்க வந்திருக்கிறேன்."

நான் கூட்டக் குறிப்பெடுப்பவன்.
தேதி போடுகிறேன்: பிப்ரவரி, 2000.

இடமிருந்து வலம் போகிற கோட்டில் ஒரு கேள்வி:
தக்கை விடுபடும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு
ஒயின் குடிப்பவர் இன்னும் காசு கொடுப்பாரா,
திருகுமூடி போதும் என்பாரா?
கீழிருந்து மேலே போகிற கோடு மழை.
கோடுகள் வெட்டிக்கொண்டதில் நான்கு அறைகள்.
அறைக்கு ஒன்றாய்
ஒன்றையொன்று பார்த்திராத நான்கு 2010கள்.

பெயர் வையுங்கள் என்றாள்.
முதல் அறைக்குத் திருவிழா என்று வைத்தோம்.
விற்பனை இயக்குநர் தெயோடோசியு அங்கேயே குடியேறிவிட்டார்,
சாப்பாட்டு மணி அடித்தும் வெளியே வரவில்லை.
கேட்க ஆளிருந்தும் காடு காய்ந்த அறைக்குத் தாகம்.
மரமெல்லாம் செழித்து
வாங்க மட்டும் ஆளில்லாத அறைக்கு ஆஸ்திரேலியா.
நான்காவதுக்கு யாரும் வாய் திறக்கவில்லை.
காப்பி ஆறி ஏடு படிந்தது.

காட்டுப் பொறுப்பாளர் அபீலியு
தொப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:
"போன கோடையில் உரித்த மரங்களில்
வெள்ளைச் சாயத்தால் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்.
இனி 2008 வரை அவற்றில் கோடாலி படாது.
இன்று கன்று நட்டால்
நல்ல தக்கைக்கு நாற்பது வருஷம்.
உங்கள் 2010 எனக்கு
நாளைக் காலை."

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பார்கள்.
எந்த ஆற்றில் என்று சொன்னவர் யாருமில்லை.

பிறகுதான் ஆய்வகத்து ஒத்தீலியா எழுந்தாள்.
காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவள்.
இரண்டு கண்ணாடிக் கோப்பைகள், இரவெல்லாம் ஊறிய
இரண்டு தக்கைகள்.
"முகருங்கள்."
ஒன்றில் ஒன்றுமில்லை.
மற்றதில் நனைந்த கோணிச்சாக்கின் வாடை.
"இது எந்த அறை?" என்று கேட்டாள்.
"உங்கள் கோடுகள் இரண்டும் வாசலுக்கு வெளியே ஓடுகின்றன.
இது நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது."

தெயோடோசியு என் பக்கம் திரும்பினார்:
இதை எழுத வேண்டாம்.
பேனாவைத் தூக்கினேன்.
தூக்கிய இடத்தில் ஒரு மைப்புள்ளி.

பெல்மிரா தாளைக் கிழிக்கவில்லை.
நான்கு அறைக்குள்ளும் எங்களை நடத்திக் கூட்டிப்போனாள்,
ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேட்டாள்:
இங்கே நின்றுகொண்டு
இன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தால்
எதைச் செய்யாமல் விட்டதற்கு வருந்துவீர்கள்?
திருவிழாவிலும் அந்த வாடைதான்.
பெயரில்லாத அறையிலும் அதே.
நான்கு எதிர்காலங்கள், ஒரே செலவுச்சீட்டு:
தக்கையை வேகவைத்துக் கழுவ
ஒரு நீராவிக் கொதிகலன்.
பழையதாய் வாங்கினோம். பயங்கர இரைச்சல்.

வந்த 2010 எங்கள் தாளில் இல்லை.
ஒரு கால் தாகத்தில், ஒரு கால் ஆஸ்திரேலியாவில்,
மழை பெய்தது, வேண்டாத மாதங்களில்.
வங்கிகள் கவிழ்ந்ததை எந்தக் கோடும் சொல்லவில்லை.
செருப்புக்கு அடிப்பாகம் செய்ய எங்கள் தூளைக் கேட்டு
ஒருவர் வந்தார், அவரை எந்த அறையில் உட்காரவைப்பது?
பக்கத்து ஆலைகள் இரண்டில் பூட்டுத் தொங்கியது.
அவர்களும் சுவரில் தாள் ஒட்டியிருக்கலாம்,
யார் கண்டது.

அபீலியுவின் மரங்களில் இப்போது எட்டு.
ஒன்பது எழுதிய பட்டை
எந்தெந்தப் பாட்டில்களின் கழுத்திலோ.

உணவகத்தில் பரிசாரகன் பாட்டிலைத் திறந்ததும்
கோப்பையைத் தள்ளிவிட்டுத்
தக்கையைக் கேட்டு வாங்குகிறேன்.
மூக்கருகே கொண்டுபோகிறேன்.
என் மனைவி
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.