இருபது நிமிடம்

சொப்பிங் பையை மேசையில் வைத்தார் வேலாப்போடி.
"புடையன்தான் மிஸ்ஸி, அடிச்சுக் கொண்டந்திரிக்கன்."
தலை கூழாகி இருந்தது.
வட்டைச் சேறு ஒட்டிய அதனிடம்
இனி எதையும் கேட்க முடியாது.
முழங்காலுக்குக் கீழே பெல்ற்றால் இறுக்கிய கட்டை
மெல்ல மெல்லத் தளர்த்தினேன்.
கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம்.
இருபது நிமிடம் அசைக்கக் கூடாது;
அசைத்தால் பொய் சொல்லும்.

மகிழடித்தீவு ஆஸ்பத்திரி. இரவு ஒன்றே முக்கால்.
பூரான் கடித்த பொடியன் ஒருவன்,
விறாந்தை முழுக்க அவன் குரல்தான்.
வலிக்கும், விடியத் தீரும்.
கத்துகிறவனிடம் மூச்சு இருக்கிறது.

மூலை வாங்கில் புவிதரணி,
வயிற்றுக்குத்து என்று
பக்கத்து வீட்டு ஓட்டோவில் வந்தவள்.
புருஷன் கட்டாரில்.
"பின்னேரத்துப் புட்டுச் சரியில்ல போல."
சீட்டில் வயிற்றுவலி என்று எழுதியது
என் கைதான்.

பதினோராவது நிமிடம்.
எல்லோரும் குழாயைப் பார்த்தபடி,
பால் பொங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.
நானும்.

பதினேழில் நிமிர்ந்தேன்.
அவள்
ஆட்காட்டி விரலால் தன் இமையைத் தூக்கிப் பிடித்து
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க படுத்த நீங்க?"
"நிலத்தில... பா..."
நாக்கு பாதியில் சாய்ந்துவிட்டது.
கையில் தேடினேன், காலில் தேடினேன்.
வீக்கமில்லை, கீறலில்லை.
முழங்கைக்குப் பின்னால் நுளம்பு கடித்த மாதிரி இரண்டு புள்ளி,
அதுவும் நிச்சயமில்லை.
எட்டடி விரியன்
கடித்த இடத்தில் கையெழுத்து வைக்காது.
உறங்குகிறவரை எழுப்பவும் மாட்டாது.

டொக்டர் ஓடி வந்தார். மருந்து ஏறியது.
காற்றுப் பையை அமத்தி அமத்தி
அம்புலன்ஸ் மண்முனைப் பாலத்துக்குத் திரும்பியபோது
அவள் உதடு இன்னும் அந்த
'பா'விலேயே நின்றது.

"மிஸ்ஸி, என்ட குழாய்?"
இருபத்தாறு நிமிடமாகியிருந்தது.
சரித்தேன். இரத்தம் கட்டியாய் அசையாமல் நின்றது.
"அப்ப புடையன் இல்லையா?" என்றார்,
ஏமாந்துபோனவர் போல.
"விடியும்வரை இரிங்க, இன்னொருக்காப் பாப்பம்."

பாம்பு என்று சொல்லவா வந்தாள்?
வாங்கின் கீழ் அவள் கைப்பை கிடந்தது.
கையிலெடுத்த பிறகுதான் விளங்கியது.
பாம்பு இல்லை,
பாய்.

அவள் போனில் 'வீடு' என்ற நம்பர்.
ஆறாவது மணிக்கு ஒரு சின்னக் குரல், நித்திரையில்.
"மனே, கையால ஒண்டையும் தடவாத.
போன் வெளிச்சத்தைப் போடு.
தங்கச்சி எங்க?"
"பாயில."

வெளிச்சம் விழுந்ததா என்று
போனில் கேட்காது.
காதை அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.