அகலக்கால்

குளியல் குடிலை வாங்கியபோதே
வாசலில் அது கிடந்தது.
பூட்ஸ் சேற்றை வழிக்க
அதைவிட நல்ல இரும்பு லோவாத் கரையில் கிடையாது.
பல் பல்லாக வரிகள்,
ஒரு பக்கம் மட்டும் நீண்டு
நுனி ஒடிந்த சிறகு.
இருபத்திரண்டு வருஷமாக
சாணியையும் களிமண்ணையும் அதில் வழித்துவிட்டுத்தான்
ஆவிக்குள் நுழைகிறேன்.

அதற்கொரு பெயர் உண்டென்று தெரியாது.
குக்ஸ்ஹாஃபன் ஊரிலிருந்து ஒருவர் எழுதினார்,
ஃபோல்க்மார் டெட்யென்ஸ்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்:
"அம்மணி, உங்கள் மருமகள் எடுத்த படத்தில்
ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் தெரிவது
டாங்கியின் குளிர்காலச் சங்கிலியில் ஒரு கண்ணி.
தயவுசெய்து அகலம் வேண்டும், மில்லிமீட்டரில்.
சிறகின் தடிமன் என்ன?
பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சிறகு
தடித்துத் தெரிகிறது.
மூன்று வாரமாக ஒட்டாமல் வைத்திருக்கிறேன்."

நான் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்.
குளம்பு அளந்திருக்கிறேன்,
பாதி பிறந்த கன்றின் தலையை
இருட்டில் விரலாலேயே அளந்திருக்கிறேன்.
டிராக்டர் பட்டறை யெஃபீமிடம் வெர்னியர் இரவல் வாங்கி
வாசலில் மண்டியிட்டேன்.
துரு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது,
அதுதான் சிரமம்.

இங்கத்து முயலுக்குத் தெரியும்.
பின்னங்கால் விரல்களை விரித்து
புதுப்பனியின் மேல் எழுதிக்கொண்டே ஓடும்;
துரத்துகிற நரி வயிறுவரை புதையும்.
அவர்கள் வந்த முதல் குளிரில்
ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள்.
அடுத்த குளிருக்கு
இரும்பில் விரல் வளர்த்துக்கொண்டு வந்தார்கள்.
எங்கிருந்தோ இவ்வளவு தூரம் வந்ததே அகலக்கால்.
அதன்மேல் இன்னொரு சாண் அகலம்.
ஓடும்வரை ஓடியது.
திரும்பும்போது அடிமரத்தில் இடித்து
சிறகு சிறகாக உதிர்ந்ததாம்.
உருளைக்கிழங்கு வயலில்
யெஃபீமின் கலப்பை இன்னும் ஒன்றிரண்டைக் கடிக்கிறது.
வைவான், காசுக்குப் போடுவான்.

அளவு அனுப்பினேன்.
முப்பத்தைந்தால் வகுத்தால்
அந்தச் சிறகு ஒரு கோதுமை மணிக்கும் சின்னது.
இரண்டு பக்கமும் நூற்றெண்பத்தாறு கண்ணி,
நூற்றெண்பத்தாறு மணி,
ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து,
மூச்சை அடக்கி.
ஒன்று தரையில் விழுந்ததாம்.
மனைவி தூங்கியபின் டார்ச் அடித்துத்
தேடினாராம் ராத்திரி ஒரு மணிவரை.

பிப்ரவரியில் படம் வந்தது.
வெள்ளை பூசிய டாங்கி,
வெள்ளைக்கடியில் சாம்பல் நிறம் சரியாகத்தான் கசிகிறது.
வலப்பக்கம் பதினோராவது கண்ணியில்
சிறகின் நுனி ஒடிந்திருக்கிறது.
என் வாசல்.
அதே கோணம், அதே பிளவு.
கொஞ்ச நேரம் பேசத் தோன்றவில்லை.

பிறகு பனியைப் பார்த்தேன்.
சமையல் சோடாவாம்.
அழகாக இருக்கிறது, அதுதான் குறை.
எங்கள் பனி மார்ச்சில் நீலம்,
ஏப்ரலில் மாட்டு மூத்திரம்,
அதற்குப் பின் பனியே இல்லை, வெறும் விழுங்கல்.
அப்புறம் இன்னொன்று:
கால் கிலோகூடத் தேறாத வண்டிக்கு
எதற்கு அகலக் கால்?
சோடாவில் அது எப்படியும் புதையப் போவதில்லை.
மேல்மூடி திறந்திருக்கிறது, ஆளில்லை.
"முகம் வரைய எனக்குக் கை வராது" என்கிறார்.
நல்லது.
அதைப் பற்றி நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

இன்று ஈனமுடியாத பசு ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
ஜீப் அச்சுவரை இறங்கிவிட்டது.
யெஃபீம் வந்து இழுத்தான், அவனும் இறங்கினான்,
கடைசியில் நடந்தே போனோம்.
கன்று பிழைத்தது.
திரும்பி வந்து பூட்ஸை வழிக்கையில்
ஒடிந்த நுனி வழக்கம்போல் ரப்பரைக் கிழித்தது.
"கொடு, இரண்டு நிமிஷம், அரத்தில் தேய்த்துவிடுகிறேன்"
என்றான் யெஃபீம்.

வேண்டாம் என்றேன்.
அளவு கொடுத்தாயிற்று.